அவள் வளர்த்த அளவு

இதை நான் எழுதலாமா என்று எனக்கே தெரியவில்லை. குண்டடம் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்தேன். கல்யாணமாகித் திருப்பூர் ராயபுரத்துக்கு வந்த பிறகு, ரேஷன் கடையில் கையெழுத்துப் போடுவதைத் தவிர எழுதியது கிடையாது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் துணியில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால் அதன்மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தனியாக வைக்க வேண்டும். நான்கு பேர் நடுவில் பேசச் சொன்னால் எனக்குப் பேச வராது. ஒரு பெண்ணைப் பற்றி அவளைக் கேட்காமல் எழுதுகிறோமே என்ற கூச்சமும் இருக்கிறது. அதனால் அவள் பெயரை எழுதவில்லை. அவள் பையனின் பெயரையும், அவனைக் கொண்டுபோன நாட்டின் பெயரையும் எழுதவில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை என்று கேள்வி. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கம்பெனியில் அவளை 'டேப்பு' என்று கூப்பிட்டார்கள். செக்கிங்கில் இருக்கிற எல்லோர் கழுத்திலும் இஞ்ச் டேப் தொங்கும். அவள் கழுத்திலும் தொங்கியது. ஆனால் அவள் அதை எடுத்து அளந்து நான் பார்த்தது அபூர்வம். பீஸை மேஜைமேல் விரித்துப் போட்டவுடனே, "இது அரை இஞ்சு கம்மிங்க்கா" என்பாள். டேப் வைத்துப் பார்த்தால் அரை இஞ்சு கம்மியாகத்தான் இருக்கும். அவளுக்கு அப்போது முப்பது வயது இருக்கும். குள்ளமான பெண். மேஜை எட்டாது என்பதால் காலுக்கடியில் ஒரு மரப்பலகை போட்டுக்கொண்டு நிற்பாள். இடது பாதத்தின்மேல் வலது பாதத்தை வைத்துக்கொண்டு, கொக்கு மாதிரி, நாள் முழுதும் நிற்பாள். நான் அவளை அம்மிணி என்பேன். அவள் என்னை அக்கா என்பாள்.

எங்கள் கம்பெனி ஐரோப்பாவுக்குக் குழந்தைகள் பனியன் அனுப்புகிற கம்பெனி. அந்த ஊர்க் கணக்கில் குழந்தையின் உயரம்தான் சைஸ். தொண்ணூற்று இரண்டு சென்டிமீட்டர் உயரமுள்ள குழந்தைக்குத் தொண்ணூற்று இரண்டு என்றே லேபிள். அதற்கு மேல் ஆறு ஆறாகக் கூடிக்கொண்டு போகும். எந்த வயதுக்கு எந்த சைஸ் என்று எங்களிடம் துணி வாங்குகிற வெளிநாட்டுப் பையர் அனுப்பிய அட்டை ஒன்று எங்கள் மேஜைக்கு எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்தது. அதில் ஒரு சிவந்த பையன் சிரித்துக்கொண்டு, கோடுகளுக்கு முன்னால் நிற்பான். நாங்கள் யாரும் அதைப் பார்ப்பதில்லை. அவளுக்கு அது மனப்பாடம்.

குழந்தையைப் பார்த்தால் மற்றவர்கள் கன்னத்தைக் கிள்ளுவார்கள், பெயர் கேட்பார்கள். அவள் நம்பர் சொல்லுவாள். பஸ்ஸில் முன்சீட்டில் யாரோ ஒருத்தி மடியில் தூங்குகிற குழந்தையைப் பார்த்து, "தொண்ணூத்தெட்டு" என்று என் காதில் சொல்லுவாள். கல்யாண மண்டபத்தில் ஓடுகிற பிள்ளைகளைப் பார்த்து, "நூத்திப்பத்து, நூத்திநாலு, அந்தக் கடைசி வாலு நூத்திப் பதினாறு" என்பாள். சூப்பர்வைசர் தொப்பை வைத்த மனிதர். ஒருநாள் அவர் அவளைச் சீண்டினார்.

"ஏன் டேப்பு, என்னைய எந்த சைஸ்ல போடுவ?"

"உங்குளுக்கு சைஸே இல்லீங்ணா. கட்டிங் மாஸ்டர்கிட்டத் தனியாச் சொல்லோணும்."

டேபிள் முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண் எங்களோடு வேலை செய்தாள். மகளை ஊரில் தன் அம்மாவிடம் விட்டிருந்தாள். அவள் போனில் மகள் போட்டோவைக் காட்டி, "அக்கா, தேக்கோ. மேரா பேட்டி. எத்தனே சைஸ்?" என்று கேட்டாள். இவள் போட்டோவை ஒரு நிமிஷம் பார்த்தாள். போட்டோவில் குழந்தைக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர்க் குடத்தைப் பார்த்தாள், கதவின் தாழ்ப்பாளைப் பார்த்தாள். "நூத்திநாலு எடு. கையி கொஞ்சம் நீளம் புள்ளைக்கு" என்றாள். அந்தப் பெண் காதர்பேட்டையில் அந்த அளவில் இரண்டு பிராக் வாங்கி அனுப்பினாள். பத்து நாள் கழித்து வீடியோ காலில் அந்தக் குழந்தை பிராக் போட்டுக்கொண்டு நின்றது. தைத்து எடுத்த மாதிரி இருந்தது. "பக்கா அக்கா, பக்கா" என்று சொல்லி அந்தப் பெண் இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு இவள் முகத்தில் வந்த சிரிப்பு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்படி ஒரு சிரிப்பை அப்புறம் நான் பார்க்கவில்லை.

அவளுடைய பையனைப் பற்றி நான் முதலில் தெரிந்துகொண்டதும் நம்பரில்தான். சேர்ந்த புதிதில் நான் வழக்கமாகக் கேட்கிற மாதிரி, "குழந்தைங்க எத்தனை அம்மிணி?" என்று கேட்டேன்.

"ஒரு பையனுங்க்கா."

"எத்தனை வயசு?"

"இப்ப நூத்திநாலு போடுறானுங்க்கா" என்றாள். பிறகு சுவரில் இருந்த அட்டையைப் பார்த்தாள். "இந்த மாசம் முடிஞ்சா நூத்திப்பத்து."

வீட்டில் இருக்கிற பையன் என்றுதான் நான் நினைத்தேன். ரொம்ப நாள் அப்படியே நினைத்திருந்தேன். ஏனென்றால் அவள் கை. நாங்கள் சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவளுடைய இடது கை, தரையைப் பார்த்தபடி, இடுப்புக்குக் கொஞ்சம் மேலே ஓர் உயரத்தில் நிற்கும். பக்கத்தில் நிற்கிற பிள்ளையின் தலைமேல் கை வைத்த மாதிரி இருக்கும். பேச்சு சுவாரசியத்தில் அவளுக்கே அது தெரியாது. கூட்டத்தில் யாராவது அந்தப் பக்கம் இடித்துக்கொண்டு போனால் கையை அணைத்துக்கொண்டு நகர்ந்து வழி விடுவாள். ஒருநாள் பஸ்ஸுக்கு நின்ற பெண் ஒருத்தி அந்த இடத்தில் காய்ப்பையை வைத்தாள். "அக்கட்டால வைங்க்கா" என்றாள் இவள். அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் பையை நகர்த்தினாள். அதிலிருந்து நானும் அவளுக்கு இடது பக்கம் நிற்பதில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அங்கே இடமில்லாத மாதிரி இருக்கும்.

வருஷம் திரும்பியபோது அந்தக் கை கொஞ்சம் உயர்ந்திருந்தது.

விஷயத்தை அவளே ஒருநாள் சொன்னாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம். மழை பெய்து கரண்ட் போய், மெஷின் எல்லாம் நின்றிருந்தது. கம்பெனி அவ்வளவு அமைதியாக இருந்ததால்தான் சொன்னாளோ என்னவோ.

அவள் வீட்டுக்காரர் ஆர்டர் பேசி முடிக்கிற மெர்ச்சன்டைசராக இருந்தவர். பையர்களோடு பேசிப் பழகி, ஐரோப்பாவில் ஒரு பையர் ஆபீஸிலேயே வேலை வாங்கிவிட்டார். மூன்று பேரும் போகலாம் என்று சொல்லித்தான் பையனின் பாஸ்போர்ட்டுக்கு இவளிடம் கையெழுத்து வாங்கினார். முதலில் தனியாகப் போய், லீவில் வந்தவர், சங்ககிரியில் இருக்கும் தன் அப்பா வீட்டுக்குப் பையனைக் கூட்டிப்போய்விட்டு ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுகிறேன் என்றார். பையனுக்கு அப்போது இரண்டரை வயது.

"ஞாயித்துக்கெழம சாயந்தரம் போன் வந்துச்சுங்க்கா. நாங்க வந்து சேந்துட்டோம்னாரு. எங்கீங்க, பஸ் ஸ்டாண்டுக்கான்னேன். பின்னால யாரோ இங்கிலீசு மாதிரி ஒண்ணு மைக்குல சொல்லிட்டு இருந்தாங்க. அப்பத்தானுங்க எனக்குத் தெரிஞ்சுது."

"பையங்கிட்டப் பேசுனியா?"

"தூங்கறான்னாருங்க." சோற்றுப் பாத்திரத்தை மூடினாள். "அன்னைக்குப் போட்டுட்டுப் போனது தொண்ணூத்திரண்டு."

அதற்குப் பிறகு அவர் போன் நம்பரை மாற்றிவிட்டார். வீட்டையும் மாற்றிவிட்டார், பிறகு ஊரையும் மாற்றினார் என்று சொந்தக்காரர்கள் மூலம் கேள்விப்பட்டாளாம். இவர்களுக்குள் என்ன சண்டை என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

எங்கள் ஊரில் வழக்கம் ஒன்று உண்டு. ஷிப்மென்ட் போன பிறகு மிஞ்சுகிற பீஸை, சின்னச் சின்ன டேமேஜ் உள்ளதை, பிள்ளைகளுக்கு என்று எடுத்துக்கொள்வோம். எடுக்கும்போது இரண்டு சைஸ் பெரிதாகவே எடுப்போம், வளர வளரப் போட்டுக்கொள்ளட்டும் என்று. அதனால் திருப்பூர்ப் பிள்ளைகள் எல்லாம் தொளதொளவென்று இருப்பார்கள். சூப்பர்வைசர் ஒருமுறை நல்ல மனசோடு அவளிடம், "பையன் வந்தாப் போடறதுக்கு நாலு பீஸ் எடுத்து வெச்சுக்கம்மிணி" என்றார். அவள் வாங்கவில்லை. "வர்ற அன்னைக்கு என்ன அளவோ அதை அன்னைக்கு எடுத்துக்கறேனுங்ணா" என்றாள். அவள் வீட்டுக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன். பொம்மை, சட்டை, போட்டோ என்று எதையும் பார்க்கவில்லை. பையன் இருந்த இடம் அவள் இடது கைக்குக் கீழே மட்டும்தான்.

போலீஸ் விஷயத்துக்கு வருகிறேன். முதல் தடவை அவள் புகார் கொடுக்கப் போனபோது, "அப்பன் புள்ளையக் கூட்டிட்டுப் போனா அதுக்குப் பேரு கடத்தலாம்மா?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். பிறகு ஒரு வக்கீலைப் பிடித்து, குடும்பக் கோர்ட்டில் பையன் அம்மாவிடம்தான் இருக்க வேண்டும் என்று உத்தரவு வாங்கினாள். அதற்கே இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அந்த உத்தரவோடு மறுபடி ஸ்டேஷனுக்குப் போனபோது துணைக்கு என்னைக் கூப்பிட்டாள். நான் பேசமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தால் போதும் என்றாள்.

அங்கே ஏட்டு ஒருவர் இருந்தார். மதுரைப் பக்கத்துக்காரர். அவர்தான் பொறுமையாகச் சொன்னார்.

"மஞ்ச நோட்டீஸ்னு ஒண்ணு இருக்கு தாயி. காணாமப் போனவுகளத் தேடுறதுக்கு. இங்கிட்டு நாங்க எழுதி அனுப்புனா சென்னை, சென்னையில இருந்து டெல்லி, அங்கன இருந்து வெளிநாட்டுப் போலீசு பூராத்துக்கும் போகும். ஆனா ஒண்ணு கேட்டுக்க. அது தேடிச் சொல்லும், அம்புட்டுத்தான். பிள்ளையத் தூக்கிக் கொண்டாந்து தராது. பிள்ளைகளத் திருப்பி அனுப்பணும்னு நாடுகளுக்குள்ள ஒரு ஒப்பந்தம் இருக்காம், அதுல நம்ம சேரல. அதனால அந்த ஊருக் கோர்ட்டு சொன்னாத்தான் உண்டு."

"தேடிச் சொன்னாப் போதுமுங்க சார்" என்றாள்.

அவர் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார்.

"மச்சம், தழும்பு ஏதாச்சும்?"

"ஒண்ணும் இல்லீங்க சார். சுத்தமா இருப்பானுங்க. ஒரு டேமேஜ் இல்லே."

அவர் பேனாவை நிறுத்தி அவளைப் பார்த்துவிட்டு மறுபடி எழுதினார்.

"இப்ப உத்தேசமா உயரம் என்ன இருப்பான்?"

"நூத்திப் பதினாறுங்க."

"ஏம்மா, ரெண்டரை வயசுல போன பிள்ளை. இப்ப நூத்திப் பதினாறுன்னு எப்பிடிச் சொல்ற?"

"அஞ்சு முடிஞ்சா நூத்திப் பதினாறுங்க சார். அந்தூர்ல எல்லாப் பசங்களும் அப்படித்தானுங்க. நாங்கதான தெச்சு அனுப்பறோம்."

அதில் தப்பு இருக்கிறது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. ஏட்டுக்கும் தோன்றவில்லை. எழுதிக்கொண்டார்.

அவளுக்கு அந்த அட்டைமேல் அவ்வளவு நம்பிக்கை. ஆயுத பூஜைக்கு முதலாளியம்மா பேரனைக் கூட்டிக்கொண்டு கம்பெனிக்கு வருவார். ஒரு வருஷம் எல்லோரும் வரிசையாகப் பொரி வாங்கிக்கொண்டிருந்தோம். இவள் அந்தக் குழந்தையை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சின்னவருக்கு எத்தனை வயசுங்கம்மா?"

"ரெண்டு முடியப் போகுது."

"எம்பத்தாறுதானுங்க இருக்கறாரு. தொண்ணூத்திரண்டு வரோணுமுங்க. ஒரு சைஸ் கம்மி."

முதலாளியம்மா முகம் சிவந்துவிட்டது. "உன்னைய யாரு இங்க செக்கிங் பண்ணச் சொன்னா? பொரிய வாங்கிட்டு நகரு" என்றார். அப்புறம் ஒரு வாரத்துக்கு நாங்கள் யாரைப் பார்த்தாலும் 'ஒரு சைஸ் கம்மி' என்று சொல்லிச் சிரித்தோம். அவள் மட்டும் சிரிக்கவில்லை. "நெசமாத்தானுங்க்கா. நம்மூர்ப் பசங்களுக்குச் சாப்பாடு பத்தறதில்லை. அந்தூர்ல பாலு, சீஸு, முட்டைன்னு குடுப்பாங்க. எம்பட பையனெல்லாம் இந்நேரம் அட்டையில இருக்கறாப்பல இருப்பான்" என்றாள்.

நோட்டீஸ் போன பிறகு அவள் பேச்சு மாறியது. சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது சொல்லுவாள்: "இப்ப அங்க மத்தியானம் இருக்கும்ங்க்கா. எல்லா ஊர்ப் போலீஸும் நூத்திப் பதினாறைத் தேடிட்டு இருப்பாங்க." ஒவ்வொரு பள்ளிக்கூட வாசலிலும் ஒரு வெள்ளைக்காரப் போலீஸ்காரர் நின்று, கையை அந்த உயரத்தில் வைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருப்பதாக அவள் மனசுக்குள் ஒரு படம் இருந்தது. அவள் சொல்லிச் சொல்லி எனக்கும் அது வந்துவிட்டது. கனவில்கூட வந்தது.

பையனுக்கு ஆறு வயது முடிந்ததும் அவள் ஸ்டேஷனுக்குப் போய், "சார், நூத்தி இருபத்திரண்டு ஆயிட்டானுங்க. மாத்தி அனுப்பி உடுங்க, இல்லீன்னா பழைய அளவுல தேடுவாங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். ஏட்டு சிரிக்கவில்லையாம். "சரி தாயி, அனுப்பிர்றேன்" என்றாராம்.

அவள் எங்கள் கம்பெனியை விட்டுப் போய் ஆறு வருஷம் ஆகிறது. இப்போது எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. பல்லடம் பக்கம் ஒரு கம்பெனியில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். பெரியவர்கள் துணி மட்டும் தைக்கிற கம்பெனி அது. இருக்கலாம். நான்தான் இன்னும் அதே மேஜையில் நிற்கிறேன். பஸ்ஸில் குழந்தையைப் பார்த்தால் எனக்குள் நம்பர் ஓடுகிறது. வேண்டாம் என்றாலும் நிற்பதில்லை. என் பேத்தி பிறந்தபோது ஆஸ்பத்திரியில் அவள் முகத்தைப் பார்க்கும் முன் ஐம்பது என்று மனசு சொன்னது. யாரிடமும் சொல்லவில்லை.

அந்த நாளைச் சொல்லிவிடுகிறேன்.

பையனுக்கு ஏழு வயது நடந்துகொண்டிருந்த நேரம். காலையில் பதினொரு மணிக்கு ஏட்டு கம்பெனி கேட்டுக்கே வந்துவிட்டார். "உடனே வா தாயி, எஸ்.ஐ. அம்மா கூப்பிடுறாக. செய்தி வந்திருக்கு." அவள் கழுத்து டேப்பைக்கூடக் கழற்றவில்லை. நானும் பர்மிஷன் சொல்லிவிட்டு உடன் போனேன்.

எஸ்.ஐ. அம்மா இளவயது. எங்களை உட்காரச் சொல்லி நிதானமாகச் சொன்னார். அந்த நாட்டில் ஒரு சின்ன ஊரில், பள்ளிக்கூடத்தில் ஒரு பையனைச் சேர்த்திருக்கிறார்கள். பேப்பரில் பெயர் ஒன்றாகவும் பையன் சொல்கிற பெயர் ஒன்றாகவும் இருந்ததால் டீச்சருக்குச் சந்தேகம் வந்து போலீஸுக்குச் சொல்லியிருக்கிறார். இரண்டு பெயருமே நோட்டீஸில் இல்லாவிட்டாலும், அவர்கள் போட்டோவை நோட்டீஸோடு ஒப்பிட்டுப் பார்த்து, கூட்டிவந்த ஆளை விசாரணைக்கு அழைத்திருக்கிறார்கள். அவர் தன் பெயர் வேறு என்கிறார். பையன் தன் அக்கா மகன் என்கிறார். அவர் போட்டோவைக் கோர்ட் உத்தரவு இல்லாமல் அனுப்ப அந்த ஊர்ச் சட்டத்தில் இடமில்லையாம்.

"ரத்தம் எடுத்துப் பாக்கறதுன்னா அதுக்கு அங்க கோர்ட்டுல தனியா உத்தரவு வாங்கணும், நாளாகும். இப்போதைக்கு பையன் போட்டோ அனுப்பியிருக்காங்க. நீங்க பாத்து, இது உங்க பையன்தான்னு எழுதிக் குடுத்தா, கோர்ட் விசாரிக்கிற வரைக்கும் அந்த ஆள் பாஸ்போர்ட்டை வாங்கி வெச்சுக்குவாங்க. ஊரை விட்டுப் போக முடியாது. இல்லைன்னு சொன்னா அவங்களுக்கு அவரை வெச்சிருக்க வழியில்ல, விட்டுருவாங்க. இன்னைக்கே பதில் கேக்கறாங்க. நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார்.

சுவரோரம் ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். முடியை ஒட்ட வெட்டியிருந்தது. மூக்குக் கண்ணாடி போட்டிருந்தான். வாய் கொஞ்சம் திறந்திருந்தது, முன்பல் இரண்டு விழுந்திருந்தன. பக்கத்தில் ஒரு கதவும் அதன் கைப்பிடியும் தெரிந்தன. எஸ்.ஐ. பக்கத்திலேயே பழைய போட்டோவையும் போட்டார். அதில் சுருட்டை முடியோடு இரண்டரை வயதுக் குழந்தை.

அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். ஒடிசாப் பெண்ணின் மகளைப் பார்த்த மாதிரியே பார்த்தாள். கதவுக் கைப்பிடியைப் பார்த்தாள், பையனைப் பார்த்தாள், மறுபடி கைப்பிடியைப் பார்த்தாள்.

"இவனுக்கு நூத்திப்பத்து, மிஞ்சிப் போனா நூத்திப் பதினொண்ணுங்க" என்றாள்.

ஏட்டு பேப்பரைப் புரட்டினார். "அளந்து போட்ருக்காக தாயி. நூத்திப் பதினொண்ணுதான்" என்றார். அவர் குரலில் ஆச்சரியம் இருந்தது.

"எம்பட பையன் நூத்தி இருபத்திரண்டுங்க சார். இது அவன் இல்லீங்க."

எஸ்.ஐ. மெதுவாக, "உயரத்தை விடுங்கம்மா. முகத்தைப் பாருங்க" என்றார்.

"முகம் எப்படிங்க தெரியும்? பல்லு இல்லே, முடி இல்லே, கண்ணாடி வேற. அளவுதானுங்க இருக்குது. ரெண்டு சைஸ் கம்மி. வருசம் ரெண்டு வித்தியாசம். இது அஞ்சு வயசுப் பையனுங்க."

"முன்பல்லு விழுந்திருக்கே தாயி. அஞ்சு வயசுலயா விழும்?" என்றார் ஏட்டு.

"சிலதுக்கு விழுமுங்க."

நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பையன் இடது காலின்மேல் வலது காலை வைத்து, கொக்கு மாதிரி நின்றிருந்தான். ஸ்டேஷனில் நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

"அம்மிணி, கால் வெச்சிருக்கறதப் பாரு. உன்னாட்டமே."

அவள் பார்த்தாள். ஒரு நிமிஷம் அவள் உதடு அசைந்தது. பிறகு தலையை ஆட்டினாள்.

"பசங்க எல்லாருமே அப்படி நிப்பாங்க்கா." எஸ்.ஐ. பக்கம் திரும்பினாள். "ஆசைக்கு ஆமான்னு சொல்லிரலாமுங்க மேடம். தப்பான பீஸைப் பாஸ் பண்ணிட்டா அப்பறம் அது எங்க போய் நிக்கும்? அந்தப் பையனுக்கும் ஒரு அம்மா இருப்பாளுங்க. நான் கையெழுத்துப் போட்டு அவளும் என்னாட்டம் ஆயிறக் கூடாதுங்க."

இதைக் கேட்டு எஸ்.ஐ. அம்மா கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "சாயங்காலம் வரைக்கும் யோசிச்சுச் சொல்றீங்களா?" என்றார். "யோசிக்க ஒண்ணும் இல்லீங்க" என்று அவள் அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டாள். ஏட்டு மட்டும் வாசல் வரை வந்து, "போய் ஒரு வாய் சாப்பிடு தாயி" என்றார்.

அன்று நாங்கள் கம்பெனிக்குத் திரும்பவில்லை. கடையில் டீ குடித்தோம். அவள் தெளிவாகத்தான் இருந்தாள். இவ்வளவு தூரம் தேடுகிறார்கள் என்றால் கட்டாயம் கண்டுபிடித்துவிடுவார்கள் என்றாள். நான்கு மணிக்கு மேல் பஸ் ஏறினோம். எனக்கு மனசு ஆறவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"உன்ற ஊட்டுக்காரரு உசரமா அம்மிணி?"

"இல்லீங்க்கா. என்னை உட ரெண்டு இஞ்சு இருப்பாரு, அவ்வளவுதான்."

"அப்பறம் பையன் மட்டும் எப்படி அந்தூரு அளவுக்கு வளந்திருப்பான்?"

அவள் கழுத்தில் தொங்கிய டேப்பைப் பிடித்துக்கொண்டாள்.

அது பள்ளிக்கூடம் விடுகிற நேரம். அடுத்த ஸ்டாப்பில் பிள்ளைகள் திமுதிமுவென்று ஏறினார்கள். யூனிபார்ம், முதுகில் பை. எங்கள் சீட்டைச் சுற்றி நின்றுகொண்டார்கள். எத்தனை பிள்ளைகளைப் பார்த்து அவள் நம்பர் சொல்லியிருக்கிறாள். அவர்களிடம் வயது கேட்டு நான் பார்த்ததில்லை, முதலாளியம்மா பேரனைத் தவிர. இப்போது பக்கத்தில் நின்ற பையனின் பையைப் பிடித்து இழுத்தாள்.

"எத்தனாவது கண்ணு படிக்கறே?"

"ரெண்டாவதுங்."

"வயசு?"

"ஏழுங்."

அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். அடுத்தவனைக் கேட்டாள். அவனும் ஏழு என்றான். பின்னால் நின்ற பெண் குழந்தையைக் கேட்டாள். "எட்டு நடக்குதுங்க்கா" என்றது அது. அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். நம்பர் எதுவும் சொல்லவில்லை. எனக்கே தெரிந்தது. அவள் கேட்ட பிள்ளைகளில் நூற்று இருபத்திரண்டு ஒன்றுகூட இல்லை.

ராயபுரம் ஸ்டாப் வந்தது. அவளும் அங்கேதான் இறங்குவாள். நான் எழுந்து அவள் தோளைத் தொட்டேன். அவள் எழுந்திருக்கவில்லை. "நீங்க போங்க்கா" என்றாள். பஸ் அவளோடு போய்விட்டது.

மறுநாள் காலை ஸ்டேஷன் வாசலைக் கூட்டிக்கொண்டிருக்கும்போதே அவள் போய் நின்றிருக்கிறாள். அது தன் பையன்தான் என்று எழுதிக் கொடுத்தாள். எஸ்.ஐ. உடனே சென்னைக்கு அனுப்பினார். சாயங்காலம் பதில் வந்தது. முந்தின நாளே அந்த ஆளை விட்டுவிட்டார்கள். காலையில் போலீஸ் போனபோது வீடு காலியாக இருந்தது. பையன் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை.